ட்ரோன் காணாத குரங்குகளுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள்: காப்பு நிதி தருவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வெப்பமண்டலக் காடுகளில் அழியும் நிலையில் இருக்கும் குரங்கினங்களைக் காக்கப் பணம் தரும் அறக்கட்டளைகள், உயிரியல் பூங்காக்களின் காப்பு நிதிகள், பல்கலைக்கழக நல்கைக் குழுக்கள், அரசு உதவி நிறுவனங்கள் என்று உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். காட்டுக்குள் நேர்கோடு பிடித்து நடந்து குரங்கு எண்ணும் வேலையும் தெரியும், ட்ரோன் இருட்டில் எடுத்த வெப்பப்படங்களை உட்கார்ந்து பார்க்கும் வேலையும் தெரியும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். ட்ரோனுக்குப் பணம் கொடுக்கும்போது, அந்த ட்ரோன் எத்தனை விலங்குகளைத் தவறவிட்டது என்று கண்டுபிடிக்கவும் சேர்த்துக் கொடுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் ட்ரோனுக்கும் கொடுக்க வேண்டாம்.

கடைசி வாக்கியம் முரட்டுத்தனமாகப் படலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

குரங்குகள், வாலில்லாக் குரங்குகள், லெமூர், தேவாங்கு எல்லாம் சேர்த்து (இந்த மடலில் இவை எல்லாவற்றையும் குரங்கினம் என்றே சொல்கிறேன்) உலகில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 60 சதவீதம் அழிவு அபாயத்தில் இருப்பதாகவும், சுமார் 75 சதவீத இனங்களின் எண்ணிக்கை இறங்குமுகத்தில் இருப்பதாகவும் 2017இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்த பெரிய மதிப்பீடு சொன்னது. நீங்களும் உங்கள் அறிக்கைகளில் இந்த எண்களை எடுத்தாள்கிறீர்கள். ஆனால் இப்படிப்பட்ட ஒவ்வொரு சதவீதத்துக்கும் அடியில் யாரோ ஒருவர் எங்கோ ஒரு காட்டில் எண்ணிய எண்ணிக்கை இருக்கிறது, அல்லது எண்ண முடியாமல் ஊகித்த எண்ணிக்கை இருக்கிறது. அழிவு அபாயத்தைத் தரப்படுத்தும் சிவப்புப் பட்டியலில் ஓர் இனம் எந்தப் படியில் நிற்கும், எந்தக் காட்டுக்குக் காவல் போடப்படும், எந்தச் சாலைத் திட்டம் நிறுத்தப்படும் என்பதெல்லாம் அதை நம்பித்தான்.

பழைய முறைகள் ஒன்றும் புனிதமானவை அல்ல. நேர்கோட்டில் மெதுவாக நடந்து, தென்படும் குரங்கு கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று அளந்து, அதிலிருந்து அடர்த்தியைக் கணக்கிடுவது ஒரு முறை. கோட்டுக்கு நேர் மேலே இருக்கும் விலங்கு எதையும் தவறவிடவில்லை என்பதும், நம்மைக் கண்டு அது நகரும் முன்பே நாம் அதைப் பார்த்துவிட்டோம் என்பதும் அந்தக் கணக்கின் அடிப்படை அனுமானங்கள். வேட்டை நடக்கும் காட்டில் இந்த இரண்டுமே பொய்த்துப் போகும். துப்பாக்கிச் சத்தம் கேட்டுப் பழகிய குரங்கு கத்தாது. இலைக்குள் ஒடுங்கி உட்கார்ந்துவிடும், இல்லையென்றால் நாம் வருவதற்கு வெகு முன்பே போய்விடும். ஒராங்குட்டான், சிம்பன்சி, கொரில்லா போன்றவற்றுக்கு நேரடியாக விலங்கை எண்ணாமல் அவை இரவில் தூங்கக் கட்டும் கூடுகளை எண்ணுவது வழக்கம். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கூடு எத்தனை நாள் தாங்கும் என்பது மரத்தையும் மழையையும் பொறுத்தது. சில வாரத்தில் உதிர்ந்துவிடும் கூடும் உண்டு, ஒரு வருடத்துக்கு மேல் நிற்பதும் உண்டு. வேறு காட்டில் அளந்த சிதைவு நாள்களை இங்கே போட்டுக் கணக்குப் பண்ணினால், இருக்கும் விலங்கு இரட்டிப்பாகத் தெரியலாம், பாதியாகவும் தெரியலாம்.

ஆனால் இந்தப் பழைய முறைகளிடம் ஒரு நல்ல குணம் இருக்கிறது. எங்கே தவறும் என்பதைப் பற்றிப் பல பத்தாண்டுகளாகச் சண்டை போட்டுத் தெரிந்து வைத்திருக்கிறோம். பெருங்குரங்குகளைக் கணக்கெடுக்க, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என் 2008இல் வெளியிட்ட வழிகாட்டியைப் புரட்டினாலே போதும். எப்படி எண்ணுவது என்பதோடு, எப்படியெல்லாம் தப்பாக எண்ணிவிடுவோம் என்பதும் அதில் நிறைய வரும். ட்ரோன் விஷயத்தில் அந்தச் சண்டை இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. கருவி மட்டும் முந்திக்கொண்டு போய்விட்டது.

அது முந்தியதில் வியப்பில்லை. லியான் பின் கோ, செர்ஜ் விச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2,000 டாலருக்கும் குறைவான செலவில் ஒரு தானியங்கிச் சிறு விமானத்தை உருவாக்கி, சுமத்ராவின் காட்டுக்கு மேல் பறக்கவிட்டு, 2012இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஒராங்குட்டான் கூடுகள் மேலிருந்து தெரிந்தன. அதுவரை வாடகை விமானத்துக்குப் பணம் திரட்ட முடியாமல் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் வெப்பப்பட கேமராக்கள் சுருங்கி ட்ரோனில் ஏறின. 2019இல் மெக்சிகோவில் சிலந்திக் குரங்குகள் தூங்கும் மரங்களுக்கு மேல் பறக்கவிட்டுத் தரையில் இருந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டார்கள். பத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் கூடியிருந்த இடங்களில் ட்ரோன்தான் அதிகம் எண்ணியது. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தால் பெரிய கூட்டத்தில் பாதி இலைக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பது இதைச் செய்த எல்லோருக்கும் தெரிந்த கதைதான். மலேசியப் போர்னியோவில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தின் வானியலாளர்கள், விண்மீன்களின் மங்கிய வெப்பப் புள்ளிகளைப் பிரித்தறியும் பழக்கத்தை ஒராங்குட்டான்களுக்குக் கொண்டுவந்தார்கள். வெப்பப்படத்தில் 41 ஒராங்குட்டான்கள் பிடிபட்டன. தரையில் இருந்தவர்கள் போய்ப் பார்த்து உறுதி செய்தார்கள்.

சீனாவின் ஹைனான் தீவில் வாழும் கிப்பன் (மரத்திலேயே வாழும் சிறிய வாலில்லாக் குரங்கு) இன்னும் முக்கியமான எடுத்துக்காட்டு. உலகிலேயே மிக அரிய குரங்கினம். மொத்தமே சுமார் 40 விலங்குகள், ஒரே ஒரு மலைக்காட்டில். கிப்பன்களை எண்ணும் வழக்கமான வழி, விடியற்காலையில் மேட்டில் உட்கார்ந்து அவை பாடுவதைக் கேட்பது. ஆனால் ஜோடி சேராத இளசுகள் பல நேரம் பாடுவதில்லை. குழுவை விட்டுப் பிரிந்து தனியாகத் திரியும் அந்த இளசுகள்தான் நாளைக்குப் புதுக் குடும்பம் தொடங்கப் போகிறவை. காதுக்கு எட்டாத அவற்றை வெப்பக் கேமரா காட்டிக் கொடுக்கும். ஹைனானில் தனித்தனி விலங்குகளையும் அவற்றின் இரவு நடமாட்டத்தையும் ட்ரோனால் பார்க்க முடியும் என்பது 2020இல் வெளிவந்த ஆய்வு. நாற்பது விலங்கே இருக்கும் இடத்தில் இரண்டு கூடுவதும் குறைவதும் பெரிய செய்தி. இப்படிப்பட்ட வேலைக்கு நீங்கள் தயங்காமல் பணம் கொடுக்க வேண்டும்.

சரி, பிரச்சினை எங்கே?

வெப்பக் கேமரா காட்டை ஊடுருவிப் பார்க்கும் என்ற நினைப்பில் தொடங்குகிறது. அது எதையும் ஊடுருவாது. பொருளின் மேற்பரப்பிலிருந்து வரும் நீண்ட அலை அகச்சிவப்புக் கதிரை மட்டுமே அது பார்க்கிறது. நடுவில் ஓர் இலை வந்தால் இலையின் வெப்பம்தான் தெரியும். குரங்கின் உடல் 37 பாகை செல்சியஸ் சூட்டில் இருந்தாலும் அடர்ந்த ரோமத்தின் வெளிப்பக்கம் கிட்டத்தட்டக் காற்றின் சூட்டுக்கு இறங்கியிருக்கும்; முகமும் ரோமம் குறைந்த இடங்களும்தான் பளிச்சிடும். வெயில் ஏறி, மர உச்சிகள் சேர்ந்து கூரைபோல் நிற்கும் விதானத்து இலைகள் சூடாகிவிட்டால் குரங்கும் இலையும் ஒரே சாம்பல் நிறம். அதனால் பறக்கவேண்டிய நேரம் விடியலுக்கு முந்திய ஓரிரு மணி நேரம். மலைக்காட்டில் அந்த நேரத்தில்தான் மூடுபனி இறங்கும், மூடுபனி அகச்சிவப்பையும் விழுங்கிவிடும். இரவில் ட்ரோன் பறக்கப் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் 'தினமும் இரண்டு பறப்பு' என்று எழுதுவது எளிது. காட்டில் அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை.

அளவையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது புழங்கும் நல்ல வெப்பக் கேமராக்கள் 640 × 512 பிக்சல் கொண்டவை. பிக்சலின் அகலம் 12 மைக்ரான், லென்ஸ் 13 மில்லிமீட்டர், விதானத்துக்கு 100 மீட்டர் மேலே பறக்கிறோம் என்றால் ஒரு பிக்சல் சுமார் 9 சென்டிமீட்டரை மூடும். உட்கார்ந்திருக்கும் ஒரு கிப்பன் ஐந்தாறு பிக்சல் உயரத்துக்குத் தெரியும். புள்ளி என்று சொல்லலாம், குரங்கு என்று சொல்ல முடியாது. மடகாஸ்கரின் மேடம் பெர்த் எலி லெமூர் உலகின் மிகச் சிறிய குரங்கினம். எடை சுமார் 30 கிராம், வால் நீங்கலாக நீளம் 9 சென்டிமீட்டர்தான். அழிவின் விளிம்பில் இருக்கும் அந்த விலங்குக்கு இந்தக் கணக்கில் ஒரே ஒரு பிக்சல்தான். தாழப் பறந்தால் தெளிவு கூடும், கூடவே சத்தமும் கூடும், மரத்தில் மோதும் வாய்ப்பும் கூடும். அதோடு, சூடான புள்ளி எல்லாம் குரங்கும் அல்ல. இரவில் விதானத்தில் மரநாய், பறக்கும் அணில், பழவௌவால், தூங்கும் பெரிய பறவை எல்லாம் இருக்கும். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் இதைச் சோதித்தபோதும் ஊளைக்குரங்கு, சிலந்திக் குரங்கோடு கின்கஜூ என்ற இரவு விலங்கும் வெப்பப்படத்தில் வந்தது. எது எது என்று பிரிக்க வேறு வெளிச்சமும் வேறு கேமராவும் தேவைப்படும்.

மேலிருந்து பார்ப்பதால் எப்போதுமே தப்பித்துவிடும் இனங்களும் உண்டு. கொரில்லா பெரும்பாலும் தரையிலேயே கூடு கட்டும். நைஜீரியா, கேமரூன் எல்லையில் 300க்கும் குறைவாக எஞ்சியிருக்கும் கிராஸ் ரிவர் கொரில்லாவை எண்ண, மூடிய விதானத்துக்கு மேல் ட்ரோன் பறப்பதால் பயன் மிகக் குறைவு. சிம்பன்சியின் கூடு பல நேரம் நடு விதானத்தில் இருக்கும். ஒராங்குட்டான் உயரத்தில் கட்டும், ஆனால் அங்கேயும் சுமத்ராவில் செய்த ஒப்பீட்டில் தரையில் நடந்தவர்கள்தான் அதிகக் கூடுகளைக் கண்டார்கள். எங்கே கூடுகள் அதிகம், எங்கே குறைவு என்ற பாங்கு மட்டும் இரண்டிலும் ஒத்துப்போனது. இது தோல்வி அல்ல, அருமையான முடிவு. எவ்வளவு தவறுகிறது என்று அளந்துவிட்டால், தவறவிடும் கருவியும் பயன்படும்.

அந்த 'அளந்துவிட்டால்' என்பதற்குத்தான் பணம் வருவதில்லை.

என்ன ஆகும் என்று ஓர் எளிய கணக்கு. ஒரு காட்டில் 100 குரங்கு இருக்கிறது, ட்ரோன் 60ஐக் காண்கிறது. மூன்று வருடம் கழித்து, கொஞ்சம் இலை அடர்ந்த பருவத்தில், கொஞ்சம் உயரத்தில் பறந்து 40ஐக் காண்கிறது. ஒரு குரங்குகூடச் சாகவில்லை. அறிக்கையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்துவிட்டது. இதைத் திருப்பியும் போடலாம். உண்மையிலேயே பாதி போய்விட்ட காட்டில் புதிய, கூர்மையான கேமராவோடு பறந்தால் எண்ணிக்கை குறையாமல் நிற்கும். எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவோம். எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகப் பயம். நல்ல செய்தியை யாரும் சந்தேகிப்பதில்லை.

ட்ரோன் மனிதர்களைவிடச் சரியாக எண்ணும் என்பதற்கு 2018இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வை விண்ணப்பங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். நல்ல ஆய்வு, எனக்கும் பிடிக்கும். கடற்கரையில் பொம்மை வாத்துகளைப் பறவைக் கூட்டம்போல் பரப்பி வைத்து, ட்ரோன் படத்திலும் தரையிலிருந்தும் எண்ணிப் பார்த்தார்கள், ட்ரோன் வென்றது. அங்கே பொம்மைகள் திறந்த மணலில் கிடந்தன, மொத்தம் எத்தனை என்பது வைத்தவர்களுக்குத் தெரியும். மழைக்காட்டில் இந்த இரண்டும் கிடையாது. மணலில் கிடைத்த முடிவை மழைக்காட்டு விண்ணப்பத்துக்குச் சான்றாக ஏற்காதீர்கள்.

உண்மை எண்ணிக்கை தெரிந்த இடம் காட்டிலும் இல்லாமல் இல்லை. பல வருடங்களாக ஆய்வாளர்கள் தினமும் பின்தொடரும் குழுக்கள் உலகெங்கும் இருக்கின்றன. ஒவ்வொரு விலங்குக்கும் பெயர் இருக்கும், நேற்று மாலை எந்த மரத்தில் தூங்கப் போயின என்பதும் தெரிந்திருக்கும். முதல் பறப்பை அவற்றின் மேல் விடச் சொல்லுங்கள். கீழே 14 இருப்பது தெரியும், ட்ரோன் 9 காட்டியது என்று இருபது முப்பது தடவை பார்த்தால் ஓர் அளவுகோல் கையில் வந்துவிடும். அப்படிப்பட்ட குழு இல்லாத காட்டில் ஒரே விடியலில் ஒரே இடத்தைத் தரைக்குழுவும் ட்ரோனும் ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமல் எண்ணலாம். இருவரும் கண்டது, ஒருவர் மட்டும் கண்டது என்று பிரித்தால் இருவரும் காணாததை மதிப்பிடப் புள்ளியியலில் வழி இருக்கிறது. இதெல்லாம் யாருக்கும் தெரியாத வித்தை அல்ல. ஆள் வேண்டும், மாதங்கள் வேண்டும், சோறும் சம்பளமும் வேண்டும். விண்ணப்பத்தின் பட்ஜெட்டில் முதலில் அடிபடுவது இதுதான்.

செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு வியட்நாம், சீன எல்லையில் வாழும் காவ் வித் கிப்பனைப் பாருங்கள். அழிந்துவிட்டது என்று நினைத்து, 2002இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட இனம். அங்கே சுமார் 120 இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தோம். 2021இல் வெப்பக் கேமரா ட்ரோனையும், ஒவ்வொரு குழுவின் பாட்டையும் கைரேகைபோலப் பிரித்தறியும் ஒலிப்பகுப்பாய்வையும் சேர்த்துக் கணக்கெடுத்தபோது 74தான் வந்தது. இடையில் செத்துப் போகவில்லை. முன்பு சில குழுக்களை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள். பணம் கொடுத்தவர்களுக்குக் கேட்க இனிக்காத முடிவு. ஆனாலும் வெளியே சொன்னார்கள். ஒரு கருவியின் சொல்லை இன்னொன்று சரிபார்த்ததால் வந்த துணிச்சல் அது என்று நினைக்கிறேன்.

பூஜ்யத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கானா, ஐவரி கோஸ்ட் காடுகளில் வாழ்ந்த மிஸ் வால்ட்ரன் செங்கோலோபஸ் என்ற குரங்கை 1978க்குப் பிறகு விஞ்ஞானி யாரும் உயிரோடு பார்க்கவில்லை. இன்றைக்கும் அது அழிந்துவிட்டது என்று அடித்துச் சொல்லத் தயங்குகிறார்கள். தயக்கம் சரிதான். நாளைக்கு ஒரு குழு அங்கே ட்ரோன் பறக்கவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று எழுதினால் அதை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்தக் கருவி அப்படிப்பட்ட மரத்தில் உட்கார்ந்த அப்படிப்பட்ட குரங்கைப் பத்துக்கு எட்டு முறை காணும் என்று தெரிந்தால் பூஜ்யத்துக்குப் பொருள் உண்டு. பத்துக்கு ஒரு முறை என்றால் எதுவுமே இல்லை. எதுவும் தெரியாத பறப்புகளைப் பெரும்பாலான குழுக்கள் வெளியிடுவதே இல்லை என்பது தனிக்கதை. வெளியிடச் சொல்லி நிபந்தனை போட உங்களால் முடியும், இதழ் ஆசிரியர்களால் முடியாது.

செலவு எங்கே போகிறது என்பதும் வெளியே தெரிவதில்லை. பறப்பு ஒன்று 25 நிமிடம், வினாடிக்கு 30 படம் என்றால் 45,000 படங்கள். ஒரு மாதம் பறந்தால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். கணினியே பார்த்துக்கொள்ளும் என்பார்கள். கணினிக்குக் கற்றுக்கொடுக்க முதலில் மனிதர்கள் உட்கார்ந்து குறிக்க வேண்டும். ஒரு காட்டில் கற்ற கணினி இன்னொரு காட்டில் வெயிலில் சூடான கிளையைக் குரங்கு என்று காட்டும், மறுபடியும் மனிதர்தான் திருத்த வேண்டும். பார்க்கப்படாமல் வன்தட்டுகளில் தூங்கும் காணொளி உங்கள் பணத்தில் எடுத்ததுதான். ட்ரோன் வாங்க ஒரு பங்கு கேட்டால், படம் பார்க்க எத்தனை பங்கு என்று கேளுங்கள். ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் அந்த விண்ணப்பத்தை எழுதியவர் இதற்கு முன் இதைச் செய்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

விலங்குகளுக்கு இது எப்படி இருக்கிறது? 'குரங்குகள் ஓடவில்லை, எனவே தொந்தரவு இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அமெரிக்கக் கருங்கரடிகளின் உடலில் இதயத்துடிப்புக் கருவி பொருத்தி, மேலே ட்ரோன் பறக்கவிட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கரடிகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன. இதயம் மட்டும் எகிறியது. ஒரு கரடிக்கு நிமிடத்துக்கு 123 துடிப்பு கூடியது. அசையாமல் உட்கார்ந்திருக்கும் குரங்கைப் பார்த்து அதன் மனநிலையைச் சொல்ல முடியாது. (அசையும் குரங்கும் உண்டு: அதே 2015இல் நெதர்லாந்தின் ஒரு உயிரியல் பூங்காவில் ஒரு பெண் சிம்பன்சி நீளக் குச்சியோடு மேலே ஏறிக் காத்திருந்து ட்ரோனை அடித்து வீழ்த்தியது. அதன் தரப்பு வாதம் தெளிவாகவே இருந்தது.) மேலிருந்து வரும் கழுகுக்குப் பயந்து வாழும் சிறிய குரங்குகளுக்கு இது கூடுதல் கவலை. எந்த உயரத்துக்குக் கீழே இறங்கமாட்டோம், குட்டி போடும் பருவத்தில் என்ன செய்வோம், எச்சரிக்கைக் குரல் கேட்டால் எப்போது திரும்புவோம் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

இனி மனிதர்கள். தரைக்கணக்கெடுப்பை நிறுத்திவிட்டு ட்ரோனுக்கு மாறினால் செலவு குறையும் என்ற வாதத்தில் ஒரு விஷயம் விடுபடுகிறது. நடப்பவர்கள் எண்ண மட்டும் செய்வதில்லை. வழியில் கிடக்கும் சுருக்குக் கண்ணியை அவிழ்த்து எடுத்து வருவார்கள். தோட்டா உறை, புதிதாக வெட்டிய ஒற்றையடிப் பாதை, புகை போட்ட இறைச்சிக் கூடாரம் எல்லாம் அவர்கள் கண்ணில் படும். ஆள் நடமாட்டம் இருக்கிறது என்பதாலேயே வேட்டைக்காரர்கள் ஒதுங்கும் காடுகள் இருக்கின்றன. ட்ரோன் ஒரு கண்ணியைக்கூட எடுக்காது. எந்த அத்தி எப்போது பழுக்கும், அந்த வாரம் கூட்டம் எங்கே போகும் என்பது காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியும். ட்ரோனை எங்கே பறக்கவிடுவது என்று சொல்வதும் பெரும்பாலும் அவர்தான். கட்டுரையில் அவர் நன்றிப் பகுதியில் வருவார், பட்ஜெட்டில் தினக்கூலியில் வருவார். ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொள்ள அவருக்கு என்ன தடை? அதிகம் போனால் சில வாரப் பயிற்சி.

தலைக்கு மேல் கேமரா பறப்பதை எல்லோரும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள். வட இந்தியாவில் கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றி நடந்து 2024இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆய்வு ஒன்று, விலங்குகளுக்காக வைத்த கேமராக்களும் ட்ரோன்களும் காட்டுக்குள் விறகும் புல்லும் எடுக்கப் போகும் பெண்களைக் கண்காணிக்கவும் பயமுறுத்தவும் பயன்பட்டதைப் பதிவு செய்தது. வெப்பக் கேமராவுக்குக் குரங்கும் மனிதரும் ஒன்றுதான், சூடான உடல். குரங்குக்காக எடுத்த படத்தில் மனிதர் பட்டால் அது யாரிடம் போகும், யாரிடம் போகாது என்று எழுத்தில் இல்லாத திட்டத்துக்கு ஊர்க்காரர்கள் சம்மதம் தந்தார்கள் என்று சொல்வதை நான் நம்பமாட்டேன். தூங்கும் மரத்தின் இருப்பிடக் குறிப்பும் அப்படித்தான். அரிய கிப்பன் குட்டியை விற்பவனுக்கு அந்த ஒரு வரி போதும். தரவுகள் எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்ற உங்கள் பொது விதியை இதில் தளர்த்துங்கள். சதுர கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாக்கி வெளியிட்டால் அறிவியலுக்குப் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் ட்ரோனுக்கு எதிரி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனிதர் ஏற முடியாத சுண்ணாம்புக்கல் குன்றுகள், இடுப்பளவு இறங்கும் கரிச்சதுப்புக் காடுகள் இவற்றுக்கு மேல் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. விதானத்தில் விழும் ஓட்டை, புதிதாக நுழையும் மரவெட்டுச் சாலை, பழுத்து நிற்கும் மரம் ஆகியவற்றைக் காட்டுவதில் அதற்கு நிகர் இல்லை; உண்மையில் குரங்கை எண்ணுவதைவிட இதில்தான் அது கெட்டி. அந்த வேலைக்கு மட்டும் யாராவது ட்ரோன் கேட்டால் மேலே சொன்ன நிபந்தனைகளில் பாதி தேவையில்லை, தாராளமாகக் கொடுங்கள்.

எண்ணிக்கை கேட்டு வருபவர்களுக்கு, அடுத்த சுற்று விண்ணப்பப் படிவத்தில் இரண்டு கேள்விகளைச் சேருங்கள். அங்கே இருக்கும் ஒரு விலங்கை உங்கள் முறை காணும் வாய்ப்பு எவ்வளவு, அதை இந்தக் காட்டிலேயே எப்படி அளப்பீர்கள் என்பது ஒன்று. நல்கை முடிந்த ஐந்தாம் வருடம் இதே கணக்கெடுப்பை இதே விதத்தில் யார், எந்தப் பணத்தில் மறுபடி செய்வார்கள் என்பது இரண்டு. இரண்டுக்கும் பதில் எழுதியவர்களுக்குக் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டிவரும். அதனால் மொத்தத்தில் குறைவான திட்டங்களுக்கே பணம் கிடைக்கும். அந்தக் குறைவை உங்கள் ஆண்டறிக்கையில் நியாயப்படுத்த வேண்டியவர்கள் நீங்கள்தான், அது சிரமம் என்பதும் தெரியும். பதில் காலியாக வந்தால், நிராகரிக்காமல் திருப்பி அனுப்பி, ஆறு மாத முன்சோதனைக்கு மட்டும் ஒரு சிறிய தொகை கொடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
கீழே நடந்தும், மேலிருந்து எடுத்த படம் பார்த்தும் குரங்கு எண்ணும் ஒருவர்